யோக்கியனுக்கு என்ன பயம்?

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



சர்க்கார் ஜனங்களை வேவு பார்ப்பதைப் பற்றிப் பேசும்படி இக்கூட்டத்தார் கேட்டுக்கொண்டார்கள். இந்தப் பேச்சை எடுத்த உடனே நமக்குக் கிடைக்கும் சமாதானம், "யோக்கியனுக்கு என்ன பயம்? தப்புச் செய்கிறவன்தானே ஒளிக்க வேண்டும்?" என்பதாகும். சர்க்கார் தரப்பார் மாத்திரமல்லாமல் நம்மவர்களே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்லுகிறார்கள். ஆகவே அதையே எடுத்துக்கொள்ளுகிறேன்.

நீங்கள் ஓட்டுப் போடுகிறீர்கள். ஏன் மறைப்புக்குப் பின்னால் போய்ப் போடுகிறீர்கள்? யார் வீட்டில் திருடிவிட்டு ஒளிகிறீர்கள்? யாருக்குப் போட்டீர்கள் என்று மிராசுதாருக்குத் தெரிந்தால் மறுநாள் கூலி வேலை போய்விடும் என்பதற்காகத்தானே அந்த மறைப்பு? பெரிய மனிதனுக்கு மதில் சுவர் இருக்கிறது. வாசலில் காவல்காரன் இருக்கிறான். எளியவனுக்குச் சட்டம் கொடுக்கும் மறைப்பைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

நமது திருமணத்தையே பாருங்கள். அண்ணா முதலமைச்சராயிருந்த காலத்தில் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லுபடியாயிற்று. ஆனால் ஊரறியச் செய்யாமல் வக்கீல் அறையில் ரகசியமாகச் செய்துகொண்டது செல்லாது என்று சென்னை ஐக்கோர்ட்டில் 2014-ல் ஒரு தீர்ப்பு வந்தது. அதை 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. வீட்டாருக்குப் பயந்து வந்தவர்களைப் பகிரங்கமாகச் செய்துகொள் என்று கட்டாயப்படுத்தினால் அவர்கள் உயிருக்கே ஆபத்து வரும் என்பது அங்கே கண்ட நியாயம். அப்படிப்பட்ட ஒரு பெண்ணும் பையனும் எந்த ஊரில் ஒளிந்திருக்கிறார்கள் என்பதை, அவர்கள் கையிலிருக்கும் செல்போனைக் கொண்டே இன்று போலீசார் கண்டுபிடித்துவிடலாம். அந்த ஸ்டேஷனில் பெண்ணின் ஜாதிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? யோக்கியனுக்கு என்ன பயம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

யந்திரத்தின் மேல் நமக்குக் கோபமில்லை. யந்திரம் வருவதற்கு முன்பே இந்த வேலை நடந்துதான் இருக்கிறது. 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்து, 1911-ல் அதைத் திருத்தி, நமது மாகாணத்திலும் புகுத்தினான். பிறக்கும்போதே இவன் இழிந்தவன் என்று மனு எழுதினான். பிறக்கும்போதே இவன் திருடன் என்று வெள்ளைக்காரன் எழுதினான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? மதுரை ஜில்லாவில் கள்ளர் வகுப்பாரைக் கைரேகை வைக்கச் சொன்னார்கள். ஆண்பிள்ளைகள் ராத்திரியில் தங்கள் வீட்டில் தூங்கக் கூடாது, போலீசார் காட்டுகிற இடத்தில் படுத்துக் கிடக்க வேண்டும். ஊரை விட்டு வெளியே போவதற்குச் சீட்டு வாங்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்திலுள்ள பெருங்காமநல்லூரார் ரேகை வைக்கமாட்டோம் என்றார்கள். 1920 ஏப்ரல் 3-ல் போலீசார் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் பெண். இவர்களில் எவன் என்ன திருடினான் என்று எந்தக் கோர்ட்டில் ருஜுவாயிற்று? (போலீஸ் ரிஜிஸ்தரில் இருந்த 'கே.டி.' என்ற இரண்டெழுத்துத்தான் இன்றைக்கு நாம் திட்டுகிற 'கேடி' ஆயிற்று. ரிஜிஸ்தர் எவ்வளவு தூரம் நம் வாய்க்குள்ளேயே வந்துவிட்டது பாருங்கள்!)

அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் ரத்தாயிற்று. ஆனால் அதே 1920-ல், கைதிகளின் ரேகையையும் அடையாளத்தையும் எடுப்பதற்கென்று செய்யப்பட்ட வேறொரு சட்டம் 102 வருஷம் உயிரோடிருந்தது. 2022-ல் அதை எடுத்துவிட்டு, அதைவிடப் பெரிதாக ஒன்றைச் செய்தார்கள். இப்போது விரல் ரேகை மாத்திரம் போதாது. கண்ணின் கருவிழி, விழித்திரை, கையெழுத்து, இன்னும் நடத்தைக் குணங்கள் என்பவை கூட எடுக்கலாம். தண்டனை பெற்றவனிடம்தான் என்பதில்லை, கைது செய்யப்பட்டாலே போதும். எடுத்ததை 75 வருஷம் வைத்திருக்கலாம். முன்பு தண்டனை இல்லாதவன் விடுதலையானால் அழித்துவிட வேண்டுமென்று ஒரு விதி உண்டு. மாஜிஸ்திரேட் காரணம் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னால் அதுவும் இல்லை.

காஞ்சீபுரத்தில் சித்திரகுப்தனுக்குக் கோயில் இருக்கிறது. அவன் ஏட்டைக் கண்டு பயப்படாதீர்கள், அப்படி ஒருவன் இல்லை என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தோம். இந்த ஏடு நிஜமாகவே இருக்கிறதே, இதற்கு என்ன சொல்லுவது?

2015-ல் ஆதார் வழக்கு நடந்தபோது, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையே அல்ல என்று மத்திய சர்க்காரின் அட்டர்னி ஜெனரல் சுப்ரீம் கோர்ட்டில் வாதாடினார். வழக்குப் போட்டவர் புட்டசாமி என்கிற, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஐக்கோர்ட் ஜட்ஜ். போட்டபோது அவருக்கு வயது 86. 2017 ஆகஸ்ட் 24-ல் 9 ஜட்ஜுகளும் ஒருமுகமாக, அது அடிப்படை உரிமைதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதற்கு 5 வருஷம் கழித்துத்தான் நான் மேலே சொன்ன 2022-ம் வருஷத்துச் சட்டம் வந்தது. 2023-ல் ஜனங்களின் விவரங்களைக் காப்பதற்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். கம்பெனிக்காரனை அது கட்டுப்படுத்தும். சர்க்கார் இலாகாவுக்கோ, வேண்டுமானால் ஒரு அறிவிப்புப் போட்டு விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று அதிலேயே எழுதிக்கொண்டார்கள்.

திருடனைப் பிடிக்க வேண்டாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் பிடிக்கட்டும். இன்னார் மேல் இன்ன சந்தேகம் என்று கோர்ட்டில் சொல்லி உத்தரவு வாங்கிக்கொண்டு பிடிக்கட்டும்; நாமும் சாட்சி சொல்லுவோம். ஆனால் 20 வயதுப் பையன் ஒருவன் ஒரு மறியலில் கைதானால், அவன் கண்ணும் ரேகையும் அவனுடைய 95-வது வயது வரையில் டில்லியில் இருக்கலாம். அதற்குள் எத்தனை சர்க்கார் வரும், எந்தக் கட்சி வரும், அவர்களுக்கு யார்மேல் வெறுப்பு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பார்லிமெண்டுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களை, அந்த 75 என்ற கணக்கைப் போட்டது யார், எதற்காகப் போட்டார்கள் என்று நீங்கள் கேளுங்கள்.