நம் பீலிக்கு மேலே என்ன இருக்கிறது?

(மாதர் கூட்டத்தில் எமது தோட்டக் கிளை சார்பில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதை அடுத்துப் பேசுபவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் தண்ணீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

எமது லயத்துப் பிள்ளைகளுக்கு மழைக்காலத்தில் வயிற்றோட்டம் வந்தபோது, "குளிர்தான் காரணம்" என்று நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். மூன்றாவது வீட்டுப் பிள்ளைக்கும் கண் மஞ்சளான பிறகுதான் நாலைந்து பேர் குழாய் போகும் வழியே மலை ஏறினோம். ஊற்றுக்கு மேலே தேயிலை, பக்கத்திலேயே மாட்டுப்பட்டி. தண்ணீர்த் தாங்கிக்கு மூடி இல்லை. பழைய தகரம் ஒன்றின் மேல் கல்லை வைத்திருந்தார்கள். உள்ளே அழுகிய இலை. இலையோடு வேறு என்ன கிடந்தது என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லவேண்டாம். அந்தத் தண்ணீர்தான் பீலியில் கண்ணாடி போலத் தெளிவாக விழுந்துகொண்டிருந்தது.

மஞ்சள் காமாலையில் ஹெபடைடிஸ் ஏ என்ற வகை, மலம் கலந்த தண்ணீராலும் உணவாலும் பரவுவது. 2007இல் கம்பளையில் நூற்றுக்கணக்கானோர் அதில் படுத்தார்கள். டவுன்காரருக்கு ஒரு நோய், தோட்டத்தாருக்கு ஒரு நோய் என்று கிடையாது. லயத்து மலசலகூடக் குழி கசிந்தால் அது ஓடை வழியே கீழே டவுனுக்குத்தான் போகிறது.

தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். சூடு காட்டி இறக்கினால் போதாது. தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் மூன்று நிமிடம் விடுங்கள். ஆறியதும் மூடி வையுங்கள், கையை விட்டு மொள்ளாதீர்கள். நாள் முழுக்கக் கொழுந்து பறித்து வந்தவளே விறகையும் தேடி இதையும் செய்யவேண்டுமா என்று கேட்பீர்கள். வீட்டு ஆண்களுக்கும் அடுப்பு மூட்டத் தெரியும், தோழர்களே.

ஆனால் உரத்திலிருந்து தண்ணீரில் இறங்கும் நைத்திரேற்று கொதிப்பதால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது ஆபத்து. ஆகவே அடுப்பங்கரையில் மட்டும் இந்தப் பிரச்சினை தீராது. ஊற்றைச் சுற்றி வேலி வேண்டும், அதற்கு மேலே உரமும் மருந்தும் போடக்கூடாது, தாங்கிக்கு மூடி வேண்டும், குளோரின் இடவேண்டும்.

யாரிடம் கேட்பது? தோட்டத்துக்குள் வேலை செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்பதுதான் பிரதேச சபைகளில் நாம் வெகுகாலம் கேட்ட பதில். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் அப்படித்தான் கையைக் கட்டியிருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. இனி அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள்.

நாங்கள் நிர்வாகத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கடிதம் கொடுத்தோம். மூடி வந்துவிட்டது. வேலிக்கு "அடுத்த வருடம்" என்றார்கள். தண்ணீர் மாதிரி எடுத்துப் போயிருக்கிறார்கள். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது நாட்டின் தரம். "நல்ல தண்ணீர்தான்" என்ற வாய்ப்பேச்சு எமக்கு வேண்டாம், அறிக்கையை எழுத்தில் கேட்டிருக்கிறோம். வந்த அன்றே பெரட்டுக்களத்தில் ஒட்டுவோம்.

வருகிற ஞாயிறு நீங்களும் உங்கள் குழாய் வழியே ஏறிப் பாருங்கள். கடிதத்தின் பிரதி எங்களிடம் இருக்கிறது, தோட்டத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.