கடைசி இடத்துல நின்னு போடுற கணக்கு: சென்னையினும் 16.5 கோடியும்

(ஒலி வடிவத்திலிருந்து எழுத்துக்கு மாற்றியது. திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

போன வாரம் முகப்பேர் மேற்குல ராத்திரி பத்து மணி ஸ்லாட் ஆடி முடிச்சுட்டு, டர்ஃபுக்கு வெளிய டீ குடிச்சுட்டு நின்னோம். ஃபைவ்ஸ் ஆடுற பசங்க டீக்கடையில நின்னா பேச்சு எங்க போகும்னு உங்களுக்கே தெரியும். ஒருத்தன் ஆரம்பிச்சான்: "ஓனருங்க யாருன்னு பாரு மச்சி. தோனி, அபிஷேக் பச்சன். காசை இறக்கினா சென்னையின் ஜெயிக்காதா?" காசு இருந்தாலும் இஷ்டத்துக்கு இறக்க முடியாதுடா, ஐ.எஸ்.எல்.ல சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்குன்னேன். அவன் நம்பல. வீட்டுக்கு வந்து படுத்தா, நொளம்பூர்ல இருந்து ஒரு தோழி அனுப்பின வாய்ஸ் நோட். "அண்ணா, என் தம்பிக்குப் பதினாறு வயசு. கிளப் ட்ரையலுக்குப் போகணும்னு அடம் பிடிக்கிறான். அம்மா வேண்டாங்கிறாங்க. அனுப்பலாமா?"

ரெண்டும் ஒரே கேள்வின்னு எனக்குப் பட்டுச்சு. ஏன்னு சொல்றேன்.

முதல்ல 2018-19 சீசனுக்குப் போவோம். அதுக்கு முந்தின வருஷம், 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானத்துல பெங்களூரு எஃப்.சி.யை 3-2ன்னு அடிச்சு சென்னையின் ரெண்டாவது தடவை கோப்பையைத் தூக்கினாங்க. மைல்சன் ஆல்வெஸ் ரெண்டு கோல், ரஃபேல் அகஸ்டோ ஒண்ணு. கோச் ஜான் கிரெகரி. ஊர் முழுக்க நாமதான் ராஜான்னு சுத்தினோம். அந்த வருஷம்தான் மெட்ரோவும் சென்ட்ரல் வரைக்கும் வந்துச்சு. திருமங்கலத்துல ஏறினா நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்துல இறக்கி விட்டுடும். மேட்ச் பாக்க அதைவிட வசதி கிடையாது.

வசதியா போய் உக்காந்து என்ன பாத்தோம்? 18 மேட்ச்ல 13 தோல்வி. ரெண்டே வெற்றி. மொத்தம் 9 பாயிண்ட். நடப்பு சாம்பியன், பத்து அணியில பத்தாவது. திரும்பி வர்ற ரயில்ல யாரும் பேச மாட்டாங்க. நீல ஜெர்சியை பைக்குள்ள மடிச்சு வச்சுட்டு உக்காந்திருப்போம்.

இதுல இன்னொரு கூத்து. அதே 2019 மார்ச்ல, அதே தமிழ்நாட்டுல, இன்னொரு அணி சாம்பியன் ஆச்சு. சென்னை சிட்டி எஃப்.சி. பேர்தான் சென்னை, ஆடினது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துல. மார்ச் 9, கடைசி நாள். மினர்வா பஞ்சாப் முதல் கோல் அடிச்ச பிறகும் திரும்பி வந்து 3-1ன்னு ஜெயிச்சு ஐ-லீக்கைத் தூக்கினாங்க. சென்னை சிட்டிக்கு 43 பாயிண்ட், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. அதுக்கு முந்தின ரெண்டு சீசனும் அந்த அணி எட்டாவது இடத்துல கிடந்த அணி.

எப்படி நடந்துச்சு? கோச் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். ஸ்பெயின்ல கீழ்மட்ட லீக்ல ஆடிட்டு இருந்த, நம்ம யாருக்கும் பேர் தெரியாத சில பேரைக் கொண்டுவந்தாங்க. அதுல பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல். மீதி இடத்துக்கு? எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் காமராஜ், இப்படி நம்ம ஊர்ப் பசங்க. பெரிய பேரு வாங்கக் காசில்ல, அதனால பேரில்லாதவங்களை வாங்கி ஒண்ணா ஆட வச்சாங்க. வேற வழியில்லாம செஞ்சதுதான், ஆனா அதுல ஒரு தெளிவு இருந்துச்சு. வெளிநாட்டுக்காரன் எந்த வேலைக்கு வர்றான், உள்ளூர்ப் பையன் எந்த வேலையைச் செய்வான்னு குழப்பமே இல்லை.

சரி, இப்போ உச்சவரம்புக்கு வருவோம். டீக்கடைத் தம்பி, இது உனக்கு.

ஐ.எஸ்.எல்.ல பல சீசனா ஒரு அணி தன் வீரர்கள் சம்பளத்துக்கு மொத்தமா 16.5 கோடி ரூபாய்க்கு மேல போகக் கூடாதுன்னு விதி இருந்துச்சு. அப்புறம் கொஞ்சம் ஏத்தினாங்க. புரியறதுக்காக நான் ஒரு கற்பனைக் கணக்கு போடறேன். ஆறு வெளிநாட்டுக்காரங்க, ஆளுக்குச் சராசரியா 1.25 கோடின்னு வச்சுக்கோங்க. ஏழரை கோடி காலி. மிச்சம் ஒம்பது கோடி. தேசிய அணியில ஆடுற ரெண்டு பேருக்கு ஒன்றரைக் கோடி வீதம் மூணு கோடி. மிச்சம் ஆறு. அதுல இன்னும் பதினெட்டு பேரை எடுக்கணும், அதாவது ஆளுக்கு 33 லட்சம். அந்தப் பதினெட்டுல நாலு பேரை பத்தொம்பது வயசுப் பசங்களா எடுத்து ஆளுக்கு ஆறு லட்சம் கொடுத்தா, மிச்ச பதினாலு பேருக்கு ஆளுக்கு 41 லட்சம் வருது. அந்த எட்டு லட்சம் வித்தியாசத்துலதான் நல்ல லெஃப்ட் பேக்குக்கும் சுமாரான லெஃப்ட் பேக்குக்கும் உள்ள வித்தியாசம் கிடக்கு.

முகப்பேர்ல வாடகை கட்டிக் குடித்தனம் நடத்துற எல்லாருக்கும் இந்தக் கணக்கு தெரியும். சம்பளம் மாறாது. வாடகையும் இ.எம்.ஐ.யும் போக மிஞ்சினதுலதான் மளிகை. அணியில அந்த மளிகைதான் இளைஞர்கள். அங்க சிக்கனமா, அதே சமயம் சத்தா வாங்கத் தெரிஞ்சவன் பிழைச்சான்.

அமெரிக்காவுல இதை ஒரு சாஸ்திரமாவே ஆக்கிட்டாங்க. அவங்க ஃபுட்பால், கையில தூக்கிட்டு ஓடுற ஆட்டம், தெரியும்ல? அங்க 1994-லயே உச்சவரம்பு வந்துடுச்சு. கல்லூரியில இருந்து வர்ற பையனுக்கு முதல் சில வருஷம் குறைஞ்ச சம்பள ஒப்பந்தம்தான். ரஸ்ஸல் வில்சன்னு ஒருத்தர், 2012-ல மூணாவது சுற்றுல எடுத்த ஆளு. ரெண்டாவது சீசன்லயே சியாட்டில் அணிக்கு சூப்பர் பவுல் ஜெயிச்சுக் கொடுத்தாரு. அப்போ அவரு அடிப்படைச் சம்பளம் வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் கூட இல்லை. அந்த ஆட்டத்துல அது சில்லறை. அவர்கிட்ட மிச்சம் பிடிச்ச காசுலதான் மத்த இடங்களை நிரப்பினாங்க.

ஆனா அதை அப்படியே இங்க கொண்டுவந்து ஒட்ட முடியாது. அங்க கடைசியா வந்த அணிக்கு அடுத்த வருஷம் புதுப் பசங்கள்ல முதல் ஆளை எடுக்கிற உரிமை உண்டு. தோத்தவனுக்கு ஒரு கைதூக்கல். ஐ.எஸ்.எல்.ல 2017-க்கு அப்புறம் டிராஃப்டே கிடையாது. சென்னையின் கடைசி இடம் பிடிச்சப்போ கீழ லீக்குக்கு இறக்கி விடற முறையும் கிடையாது. அப்போ தோத்தவனுக்கு உதவியும் இல்லை, தண்டனையும் இல்லை. ஒரு அணி அஞ்சாறு வருஷம் சும்மா நடுவுல மிதந்துகிட்டே இருக்கலாம். எனக்கு இதுதான் ரொம்ப எரிச்சல்.

சென்னையின் மிதந்துச்சா, எழுந்துச்சா? ரெண்டும்தான். 2019-20ல முதல் ஆறு மேட்ச்ல ஒரே வெற்றி. கிரெகரி போயிட்டாரு, ஓவன் கோய்ல் வந்தாரு. அணியில யாரு இருந்தாங்கன்னு பாருங்க: பதினெட்டு வயசுல வந்து இங்கயே வளர்ந்த அனிருத் தாப்பா, 22 வயசு சாங்டே, 23 வயசு கீப்பர் விஷால் கைத், சென்னை சிட்டியில இருந்து வந்த நம்ம எட்வின். அவங்களுக்கு முன்னாடி கிரிவெல்லாரோவும், 15 கோல் அடிச்சு கோல்டன் பூட் வாங்கின வால்ஸ்கிஸும். செமிஃபைனல்ல கோவாவை இங்க 4-1ன்னு அடிச்சு, அங்க 4-2ன்னு தோத்து, மொத்தத்துல 6-5. அந்த ரெண்டாவது லெக்கைப் பாத்தப்போ எங்க வீட்டு டி.வி. ரிமோட் உடைஞ்சுது, கணக்குல வைக்க வேண்டாம். ஃபைனல் 2020 மார்ச் 14. கொரோனா, காலி ஸ்டேடியம். ஏ.டி.கே.கிட்ட 3-1 தோல்வி.

அங்கதான் ஒரு அணி முடிவு பண்ணணும். இருக்கிற பசங்களைக் கட்டிக் காப்பாத்தறதா, மறுபடி கடைக்குப் போறதா? கோய்லும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூர் போனாங்க. 2021-22ல கோய்ல் அங்க லீக் ஷீல்டு ஜெயிச்சாரு. 2022 ஜனவரியில சாங்டே மும்பைக்குப் போனாரு, 2022-23க்கான தேசியச் சிறந்த வீரர் விருது வாங்கினாரு. விஷால் கைத் மோகன் பகானுக்குப் போன முதல் சீசன்லயே கோப்பையும் கோல்டன் கிளவ்வும். 2023-ல தாப்பாவும் அங்கயே. அடுத்த சீசன்ல ஷீல்டு. சென்னையின்? 2020-21ல எட்டு. 2021-22ல எட்டு. 2022-23லயும் எட்டு. லாஸ்லோ, பான்டோவிச், பிரடாரிச்னு மூணு வருஷத்துக்கு மூணு கோச். செடி நம்ம தொட்டியில, காய் பக்கத்து வீட்டு மாடியில.

இதுல உச்சவரம்போட இன்னொரு பக்கமும் இருக்கு. ஒரு பையன் நல்லா வந்துட்டா அவன் சம்பளம் ஏறணும், அது நியாயம். எல்லாரும் ஒண்ணா நல்லா வந்துட்டா எல்லாருக்கும் ஒண்ணா ஏறணும், அது 16.5 கோடிக்குள்ள அடங்காது. யாரையாவது விட்டுத்தான் ஆகணும். பசங்க போனதுக்கு இது மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். கோப்பை ஜெயிக்கிற இடத்துக்குப் போகணும்னு ஆசைப்படறதும் தப்பில்லை. ஆனா ஆள் போறதை யாராலும் தடுக்க முடியாது. ஒருத்தன் போறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே அவன் இடத்துக்கு அடுத்தவன் தயாராகி இருக்கணும். அந்தத் தயாரிப்பு நடக்கிற இடம் அகாடமி. மைதானம், ஹாஸ்டல், சின்னப் பசங்க கோச், சாப்பாடு, இதெல்லாம் சீனியர் அணியோட சம்பள வரம்புக்குள்ள வர்ற செலவே இல்லை. அதாவது, ஓனர் காசை இறக்கணும்னு ஆசைப்பட்டா தடையில்லாம இறக்கக்கூடிய இடம் அதுதான். டீக்கடைத் தம்பி, நீ சொன்னதுல பாதி சரிடா. காசு இறக்கலாம். எங்கங்கிறதுதான் கேள்வி.

2023-ல கோய்ல் திரும்பி வந்தாரு. முதல் சீசன் ஆறாவது இடம், பிளேஆஃப்ல கோவாகிட்ட 2-1. இர்ஃபான் யாத்வாட், ஜிதேஷ்வர் சிங், வின்சி பரேட்டோன்னு சின்னப் பசங்க ஓடினதைப் பாக்க நல்லா இருந்துச்சு. சரி, இனிமே ஏறுமுகம்னு நினைச்சா, 2024-25ல 13 அணியில 11. இளைஞர் அணிங்கிறதுக்கு இதுவும் ஒரு விலை. ஒரு வருஷம் பறப்பாங்க, ஒரு வருஷம் விழுவாங்க. விழற வருஷத்துல பொறுத்துக்கிறவங்கதான் மூணாவது வருஷத்தைப் பாப்பாங்க. நாம, ரசிகர்களும் சேத்துத்தான் சொல்றேன், ரெண்டாவது மாசமே கோச்சை மாத்துன்னு கத்துறோம்.

நம்ம மாநிலத்துப் பசங்க எங்கன்னு கேப்பீங்க. வியாசர்பாடி தன்பால் கணேஷ் 2018 கோப்பை அணியில இருந்தாரு. சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023 டூரண்ட் கோப்பையில மோகன் பகானுக்கு எதிரா ஈஸ்ட் பெங்காலுக்காக அடிச்ச ஒரே கோல்ல கொல்கத்தாவே குலுங்குச்சு. சிவகங்கை கண்டனூர் சிவசக்தி 2022-23ல ஐ.எஸ்.எல்.லோட சிறந்த இளம் வீரர், ஆடினது பெங்களூருவுக்கு. பசங்க இருக்காங்க. கதவு எங்க திறக்குதோ அங்க போறாங்க.

இப்போ நொளம்பூர் தோழிக்கு. அம்மா பயப்படறது தப்பே இல்லை. 2025 ஜூலையில, ஒப்பந்தத் தகராறால ஐ.எஸ்.எல்.லே நிறுத்தி வைக்கப்பட்டப்போ சில கிளப்புகள் வீரர்கள் சம்பளத்தையே நிறுத்தி வச்சாங்க. கோடியில வாங்கறவருக்கு அது கஷ்டம். என் கற்பனைக் கணக்குல ஆறு லட்சம் வாங்கற பையனுக்கு, வீட்டுக்கு அனுப்பற காசு. இந்த எபிசோடு பூரா நான் மளிகை, மிச்சம்னு பேசினேனே, அந்த மிச்சம் உங்க தம்பி மாதிரி ஒருத்தன். அதை மறைச்சுட்டு "அனுப்புங்க, கனவு முக்கியம்"னு சொல்ல என்னால முடியாது.

அனுப்புங்க. ஆனா ட்ரையல்ல எடுத்துட்டாங்கன்னு தெரிஞ்ச உடனே கையெழுத்துப் போடாதீங்க. முதல்ல கேக்க வேண்டியது சம்பளம் இல்லை, நிமிஷம். போன வருஷம் உங்க ரிசர்வ் அணி டெவலப்மென்ட் லீக்ல எத்தனை மேட்ச் ஆடுச்சு, அதுல பதினேழு, பதினெட்டு வயசுப் பசங்க எவ்வளவு நேரம் களத்துல இருந்தாங்கன்னு கேளுங்க. ஐ.எஸ்.எல். அணிகள் குறைஞ்சது நாலு டெவலப்மென்ட் பிளேயர் வச்சிருக்கணும், மேட்ச் லிஸ்ட்ல ரெண்டு பேரைக் காட்டணும்னு 2021-22ல விதி கொண்டுவந்தாங்க. லிஸ்ட்ல பேரு இருக்கிறது வேற, ஆடறது வேற. விதிக்காக பெஞ்ச்ல உக்கார வச்ச பையன் மூணு வருஷம் கழிச்சு வெளிய வந்தா கையில ஒண்ணும் இருக்காது. அதைவிட சென்னை லீக்ல சீனியர் டிவிஷன்ல ஐ.சி.எஃப்., இந்தியன் பேங்க் மாதிரி அணிகளோட மோதி வாரா வாரம் தொண்ணூறு நிமிஷம் ஆடறது எவ்வளவோ மேல். அங்க ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைங்கிற வழியும் திறந்திருக்கும். அடிபட்டா வைத்தியச் செலவு யாருதுன்னு காகிதத்துல எழுதி வாங்குங்க, வாய் வார்த்தை வேண்டாம். ப்ளஸ் டூவை மட்டும் எழுத விட்டுடுங்க. அம்மாகிட்ட இதைப் போட்டுக் காட்டுங்க, திட்டினா என்னைத் திட்டட்டும்.

அப்புறம், தம்பி லெஃப்ட் ஃபுட்டான்னு சொல்லவே இல்லையே? லெஃப்ட் ஃபுட்டா இருந்தா, லெஃப்ட் பேக் ஆட ஒத்துக்கிட்டா, ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு நம்ம டர்ஃபுக்கு வரச் சொல்லுங்க. எங்க அணியும் இந்த வருஷம் கடைசி இடம்தான்.