6ஜி அலைக்கற்றை: ஏலத்தொகை மட்டுமா நம் கேள்வி?

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அலைக்கற்றை குறித்துப் பேச வேண்டும் என்று முடிவானபோது, "அது பொறியாளர்கள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயமல்லவா?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கோபுரத்தை எங்கே நிறுத்துவது, ஒரு கோபுரத்துக்கும் அடுத்த கோபுரத்துக்கும் எத்தனை கிலோமீட்டர் இடைவெளி, எந்த அலைவரிசையை யாரிடம் கொடுப்பது என்பவை வெறும் பொறியியல் முடிவுகள் அல்ல. எந்த ஊருக்கு இணைப்பு வரும், எந்த ஊருக்கு வராது என்பதை அவையே தீர்மானிக்கின்றன. 5ஜி விஷயத்தில் இதை நாம் தாமதமாகத்தான் கவனித்தோம். 6ஜிக்கான முடிவுகள் இப்போது எடுக்கப்பட்டு வருகின்றன.

அலைக்கற்றை என்றவுடன் நம் அனைவருக்கும் 2008ஆம் ஆண்டே நினைவுக்கு வருகிறது. 2001ஆம் ஆண்டு விலையில், நாடு முழுவதுக்குமான உரிமத்தை 1,658 கோடி ரூபாய் என்ற கணக்கில் அன்றைய அரசு வழங்கியது. இடதுசாரிகள் அப்போதே எதிர்த்தார்கள். தோழர் சீதாராம் யெச்சூரி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. அந்த எதிர்ப்பு சரியானது. அதில் இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் போராட்டத்திலிருந்து நம்மில் பலர் ஒரு தவறான பாடத்தையும் கற்றுக்கொண்டோம். ஏலம் விட்டால் நீதி கிடைத்துவிட்டது என்ற எண்ணம் நமக்குள்ளும் புகுந்துவிட்டது. மக்கள் சொத்தைக் குறைந்த விலைக்கு விற்பது ஊழல் என்றால், கூடுதல் விலைக்கு விற்பது மக்கள் நலன் ஆகிவிடுமா?

நிலக்கரியோடு அலைக்கற்றையை ஒப்பிடுவது வழக்கம். பாதிதான் சரி. நிலக்கரி தோண்டினால் தீரும். அலைக்கற்றை தீராது, இன்று பயன்படுத்தியது நாளையும் அப்படியே இருக்கும். அதே சமயம், இன்று பயன்படுத்தாமல் விட்ட ஒரு மணி நேரத்தைச் சேமித்து நாளைக்கு எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே இருபது ஆண்டுகளுக்கு ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்து, அது அதைப் பூட்டி வைத்திருந்தால், அந்த இழப்பு எந்தத் தணிக்கை அறிக்கையிலும் வராது. வானலைகள் பொதுச் சொத்து, அவை பொது நலனுக்காகவே ஆளப்பட வேண்டும் என்று 1995ஆம் ஆண்டிலேயே வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. விற்றுவிட்டு விலகிக்கொள்வது ஆள்வதாகாது.

இனி அலைகளின் இயல்பைக் கொஞ்சம் பார்ப்போம். அதிர்வெண் குறைந்த அலைகள் தொலைதூரம் செல்லும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் அங்கே கிடைக்கும் பட்டையின் அகலம் குறைவு. அதிர்வெண் கூடினால் அகலமான பட்டை கிடைக்கும், தூரம் சுருங்கும். 700 மெகாஹெர்ட்ஸ் அலையையும் 3,500 மெகாஹெர்ட்ஸ் அலையையும் ஒரே வகை ஆன்டெனாக்கள் வழியாக ஒரே தூரத்துக்கு அனுப்பினால், இரண்டாவது அலையில் வந்து சேரும் ஆற்றல் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். அதை ஈடுகட்டவே அறுபத்து நான்கு ஆன்டெனாக் கூறுகளை ஒரே பலகையில் அடுக்கி, அலையை ஒரு கற்றையாகக் குவித்து அனுப்புகிறார்கள். கருவியின் விலையும் மின்சாரச் செலவும் கூடும். மக்கள் நெருக்கமாக வாழும் நகரத்தில் அந்தச் செலவு திரும்பி வரும். பத்துக் குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கும் பகுதியில் வராது. 26 ஜிகாஹெர்ட்ஸுக்குப் போனால் ஒரு சுவரே தடையாகிவிடும். (மில்லிமீட்டர் அலைகளை உலகில் முதன்முதலாக உருவாக்கி ஆராய்ந்தவர்களில் ஒருவர், 1890களில் கல்கத்தாவில் பணிபுரிந்த ஜகதீஷ் சந்திர போஸ். இன்று அவை புதுமை என்ற பெயரில் நம்மிடமே விற்கப்படுகின்றன.)

5ஜி தரநிலை வகுக்கப்பட்டபோது நடந்த ஒரு நிகழ்வு நம் நாளேடுகளில் அதிகம் வரவில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 5ஜி தொழில்நுட்பங்களைச் சோதிக்க அளவுகோல்களை வகுத்தது. நகர வீதி, மூடிய அரங்கம், விரைவுச் சாலை என்பவை போன்ற சூழல்களே அதில் பெரிதும் எண்ணப்பட்டன. இந்தியப் பொறியாளர்கள் ஒரு கோரிக்கையை முன்வைத்தார்கள். எங்கள் நாட்டில் கண்ணாடியிழை வடம் ஊராட்சி மையம் வரைதான் போகிறது. அங்கே நிற்கும் ஒரு கோபுரம் சுற்றியுள்ள குக்கிராமங்கள் அனைத்துக்கும் அலை தர வேண்டும். ஆகவே கோபுரங்களுக்கிடையே 6 கிலோமீட்டர் இடைவெளி இருக்கும் சூழலிலும் தொழில்நுட்பம் சோதிக்கப்பட வேண்டும் என்றார்கள். அது ஏற்கப்பட்டது. சென்னை, ஐதராபாத் ஐஐடிகளின் ஆய்வாளர்கள் அதற்கேற்ற அலைவடிவத்தையும் உருவாக்கினார்கள். கைபேசியிலிருந்து கோபுரத்துக்குத் திரும்பும் அலைதான் பலவீனமானது. அதை அதிக ஆற்றலோடு அனுப்ப வழி கண்டார்கள். 5ஜிஐ என்ற பெயரில் 2021இல் அதற்குச் சர்வதேச ஒப்புதலும் கிடைத்தது. செலவு கூடும், உலகத் தரத்தோடு பொருந்தாது என்று செல்பேசி நிறுவனங்கள் எதிர்த்தன. இறுதியில் அது உலகப் பொதுத் தரநிலைக்குள் இணைக்கப்பட்டது.

இது சிறிய வெற்றி அல்ல. பொதுப் பணத்தில் இயங்கும் கல்வி நிறுவனங்கள், கிராமத்து மக்களை மனத்தில் வைத்து, உலகத் தரநிலையையே திருத்தச் செய்தன. ஆனால் தரநிலையில் இடம்பெறுவது வேறு, கோபுரத்தில் இடம்பெறுவது வேறு. கிராமத்துக்கு அலை கொண்டு செல்லும் கடமை வலுவாக விதிக்கப்படாதவரை, லாபம் இருக்கும் இடத்தில்தான் நிறுவனங்கள் கோபுரம் நிறுத்தும்.

தொலைத்தூரம் பாயும் அந்த 700 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு என்ன ஆயிற்று? 2016 ஏலத்தில் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் என்று அரசு ஆரம்ப விலை வைத்தது. ஒருவரும் வாங்கவில்லை. கிராமங்களுக்கு மிகவும் பொருத்தமான அலைகள் ஆறு ஆண்டுகள் வீணாகக் கிடந்தன. 2022இல் விலை 3,927 கோடியாகக் குறைக்கப்பட்டது, ஜியோ வாங்கிக்கொண்டது. 2023இல் அறிவிக்கப்பட்ட 89,047 கோடி ரூபாய்த் திட்டத்தின் கீழ் பிஎஸ்என்எல் நிறுவனத்துக்கும் அதே பட்டையில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. ஆக, அந்த அலைகள் இன்று ஒரு பெருமுதலாளியிடமும் ஒரு பொதுத்துறை நிறுவனத்திடமும் இருக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிஎஸ்என்எல் கதையை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. ஜியோ 2016 செப்டம்பரில் 4ஜி சேவையைத் தொடங்கியது. பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி அலைக்கற்றை கொடு என்று கேட்டு ஊழியர்கள் 2019 பிப்ரவரியில் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்துக்காக மட்டுமல்ல, அலைக்கற்றைக்காகவும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது வரலாற்றில் அரிது. அலைக்கற்றை வருவதற்கு முன்பே விருப்ப ஓய்வு வந்தது. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000க்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். அதே ஆண்டு 4ஜி ஒப்பந்தப்புள்ளி ரத்து செய்யப்பட்டது. பிறகு, உள்நாட்டுக் கருவிகளையே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. தற்சார்பை நாம் ஆதரிக்கிறோம். சி-டாட் நிறுவனம் 1980களில் கிராமத் தொலைபேசி நிலையங்களை உருவாக்கியபோது அதை வரவேற்றவர்கள் நாம். ஆனால் எரிக்சன், நோக்கியா, சாம்சங் கருவிகளோடு தனியார் ஓடிக்கொண்டிருக்கையில், தற்சார்பின் சுமையைப் பொதுத்துறை மட்டும் சுமக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? 2025 செப்டம்பரில்தான் பிஎஸ்என்எல்லின் 4ஜி சேவை நாடு தழுவிய அளவில் தொடங்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள். இந்தியப் பொறியாளர்களால் முழுமையான 4ஜி அமைப்பை உருவாக்க முடியும் என்று அது நிரூபித்தது. அதற்குள் வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள்.

அடுத்து, பகிர்வு. தொலைபேசி நிலையங்களில் பணியாற்றிய தோழர்களுக்கு எர்லாங் என்ற அலகு தெரியும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டென்மார்க் கணிதவியலாளரின் பெயர் அது. அவருடைய கணக்கு இதுதான்: பத்துத் தடங்கள் உள்ள ஓர் அமைப்பு, நூற்றில் இரண்டு அழைப்புகளுக்கு மேல் மறுக்காமல், ஏறத்தாழ 5 எர்லாங் போக்குவரத்தைத் தாங்கும். இப்படி மூன்று நிறுவனங்கள் தனித்தனியாகப் பத்துப் பத்துத் தடங்கள் வைத்திருந்தால் மொத்தம் 15 எர்லாங். அதே முப்பது தடங்களையும் ஒன்றாகச் சேர்த்தால்? ஏறத்தாழ 22. ஒரு தடம்கூடக் கூடுதலாகச் சேர்க்கவில்லை. சுவர்களை எடுத்துவிட்டோம், அவ்வளவுதான். ரேஷன் கடையில் மூன்று வரிசைகள் நிற்க, ஒரு வரிசை காலியாகவும் மற்றொன்று தெருமுனை வரையும் நீண்டிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். இன்றைய இணையப் போக்குவரத்துக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது, அடிப்படை மாறவில்லை.

தனித்தனியாகத் துண்டுபோட்டு ஏலம் விடுவது, அலைக்கற்றையைச் செயற்கையாகப் பற்றாக்குறை ஆக்குகிறது. அப்பற்றாக்குறையைக் காட்டியே விலையும் உயர்த்தப்படுகிறது. அமெரிக்காவிலேயே 3,550 முதல் 3,700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையைக் கடற்படை ரேடார், உரிமம் பெற்றோர், பொதுப் பயனர் என மூன்று அடுக்குகளில் பகிர்ந்துகொள்கிறார்கள். கணினி ஒன்று யார் எப்போது எந்த அலையைப் பயன்படுத்தலாம் என்று ஒதுக்குகிறது. ஜெர்மனியில் 100 மெகாஹெர்ட்ஸ் பட்டையை ஏலத்திலிருந்து விலக்கி, தொழிற்சாலைகளும் பிறரும் தத்தம் வளாக அளவில் பெறும்படி வைத்திருக்கிறார்கள். இவை சோசலிச நாடுகள் அல்ல. பகிர்வு என்பது கற்பனை என்று நம்மிடம் வாதிடுவோருக்காகச் சொல்கிறேன்.

நம் நாட்டில் 2022 ஏலம் 1,50,173 கோடி ரூபாய் ஈட்டியதாகக் கொண்டாடினார்கள். அது இருபது ஆண்டுத் தவணை. அதே ஏலத்தில் அதானி குழும நிறுவனம் 212 கோடி ரூபாய்க்கு 26 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் 400 மெகாஹெர்ட்ஸ் எடுத்தது. பொதுமக்களுக்கான சேவை எதையும் தொடங்காமலே, 2025இல் அதை ஏர்டெல்லுக்கு மாற்றிக் கொடுக்க ஒப்பந்தம் செய்தது. வீட்டுமனை வாங்கி விற்பதுபோல! இன்னொரு பக்கம், வோடபோன் ஐடியா கட்ட வேண்டிய பாக்கியைப் பங்குகளாக மாற்றிக்கொண்டதால், அந்நிறுவனத்தில் 49 சதவீதப் பங்கு ஒன்றிய அரசிடம் இருக்கிறது. அதை இயக்கும் பொறுப்பை மட்டும் அரசு ஏற்க மறுக்கிறது. 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் சில நாள் இடைவெளிக்குள் 10 முதல் 27 சதவீதம் வரை கட்டணத்தை உயர்த்தின. ஏலத்தொகைதான் காரணம் என்பார்கள், நம்ப வேண்டியதில்லை. பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்த சந்தை இரண்டு பேரின் கைக்குள் சுருங்கியதே காரணம்.

செயற்கைக்கோள் இணையத்தில் வாதம் தலைகீழானது. ஏலம் விடு என்று ஜியோ கேட்டது. நிர்வாக முறையில் ஒதுக்கு என்று எலான் மஸ்க் கேட்டார். 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு வழி செய்தது. உடனே சில தோழர்கள், இது இன்னொரு 2ஜி, ஏலம் விடச் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் உடன்படவில்லை. ஒரே செயற்கைக்கோள் பட்டையைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். ஒருவருக்கே தனியுரிமை கொடுப்பது பொறியியல் ரீதியாகவே பொருந்தாது. நம் எதிர்ப்பு வேறு இடத்தில் இருக்க வேண்டும்: நாட்டின் தகவல் தொடர்பை ஓர் அமெரிக்க முதலாளியின் விருப்பத்துக்கு விடுவது, அரசின் இஸ்ரோவையும் பிஎஸ்என்எல்லையும் ஓரமாக உட்கார வைப்பது.

இப்போது 6ஜி. 2030ஐக் குறிவைத்த அதன் வரையறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023இல் வெளியிட்டது. 2027இல் கூடும் உலக வானொலி மாநாட்டில் 4.4 முதல் 4.8, 7.125 முதல் 8.4, 14.8 முதல் 15.35 ஜிகாஹெர்ட்ஸ் பட்டைகள் பரிசீலிக்கப்படும். எண்களைக் கவனியுங்கள், எல்லாமே குறுகிய தூர அலைகள். அதாவது 6ஜியும் நகரத்தில் பிறந்து நகரத்திலேயே தங்கிவிடும் வாய்ப்பு அதிகம். இதில் நாம் வலியுறுத்த வேண்டியவை சில உண்டு. 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்பட்டைகளைக் கிராமப்புறத்தில் ஒரே பொது வலைப்பின்னலாக, பிஎஸ்என்எல் பொறுப்பில் இயக்க வேண்டும். பிற நிறுவனங்கள் அதில் வாடகை கொடுத்துப் பயணிக்கட்டும். பயன்படுத்தாத பகுதிகளில் அலைக்கற்றை தானாகவே பொதுவுக்குத் திரும்ப வேண்டும். 6 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் உரிமமின்றி யாரும் பயன்படுத்தத் தக்க பகுதி காக்கப்பட வேண்டும். அதன் கீழ்ப்பாதியில் 500 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குத் திறக்க 2025 மே மாதம் வரைவு விதிகள் வந்தபோதும், செல்பேசி நிறுவனங்கள் முழுவதையும் தமக்கே கேட்டன. ஊராட்சி நூலகத்தில் ஒரு வைஃபை பெட்டி வைக்க ஏலத்துக்குப் போக முடியுமா?

அலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கோபுரத்தின் அடியில் கண்ணாடியிழை இல்லையென்றால் பயனில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2023 ஜூன் 5 அன்று கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கியது; மின்வாரியத்தின் கம்பங்கள் வழியாகவே வடத்தைக் கொண்டு சென்று, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற இலக்கை வைத்தது. குறைகளும் தாமதமும் இருந்தன. ஆனால் வடம் பொதுவுடைமையாக இருந்தால் அதன் மேல் எந்தத் தலைமுறைக் கோபுரத்தையும் நிறுத்தலாம்.

ஒவ்வொரு ஏலத்துக்கும் முன்பு டிராய் ஆணையம் கலந்தாய்வு ஆவணம் ஒன்றை வெளியிட்டு, நாள் குறித்து, எழுத்துமூலம் கருத்து கேட்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். வரும் பதில்களைப் புரட்டிப் பாருங்கள்: நிறுவனங்கள், கருவி உற்பத்தியாளர்கள், அவர்களுடைய சங்கங்கள். அடுத்த ஆவணம் வரும்போது, தொலைத்தொடர்பு ஊழியர் சங்கத் தோழர்களோடு அமர்ந்து, தங்கள் வட்டாரத்தில் எந்தெந்த ஊரில் அலை எட்டவில்லை என்ற பட்டியலையும் சேர்த்து, ஒவ்வொரு மாவட்டக் குழுவும் ஒரு பதில் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பட்டியல் தயாரிக்கும் வேலையைக் கிளைகள் இந்த மாதமே தொடங்கலாம்.