மகள் தேர்ந்த படிப்பு



மெரிலேண்ட்ஸ் வீட்டில் ஒருநாள் மகள், உளவியல் படிக்கப் போகிறேன் என்றாள். கணக்காளனான நான், "எத்தினை வருசம்? வேலை கிடைக்குமோ?" என்றேன். "வாணவெடிச் சத்தத்துக்கு அம்மம்மா ஏன் நடுங்குறா எண்டு அறிய வேணும், அப்பா" என்றாள்.

போரின் காயத்தைக் குடும்பத்தோடும் ஊரோடும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2007 இல் எழுதினார். மனிதரை முழுமையாகப் பார்ப்பது அதுதான். ஆனால், இங்கே இளமாணிப் படிப்பில் புள்ளிவிபரமும் ஆய்வுமுறையும் நிறைய உண்டு. உளவியலாளராகப் பதிவுபெற, அங்கீகரித்த படிப்பும் பயிற்சியுமாக 6 வருடமளவில் செல்லும். உளவளத்துணைப் படிப்பு வேறு பாதை. சேருமுன் விசாரியுங்கள்.

மகள் சேர்ந்துவிட்டாள். ஆனால், அம்மம்மாவின் பக்கத்தில் இருந்து கதை கேட்கப் பட்டம் தேவையில்லை. அதை நான் தொடங்கிவிட்டேன்.