நிலப்படமும் ஊர்ப்பெயரும்



நிலப்படம் வெறுங்கோடுகளின் தொகுப்பன்று, ஊர்ப்பெயர்களின் பேழை. இற்றைநாளில் அது கணினியிலேயே வரையப்படுகின்றது. 2002-இல் தோன்றிய கியூஜிஐஎஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் அப்பணிக்கு விலையின்றிக் கிடைக்கின்றது. ஆயினும், வரைந்ததை வெளிக்கொணரும் இடத்திலேதான் இழப்பு நேர்கின்றது.

வெறும் படமாக வெளிக்கொணர்ந்தால் அது கண்ணுக்கு விருந்தாகும், ஆய்வுக்கு உதவாது. அதிலுள்ள பெயரைத் தேடவியலாது, திருத்தவியலாது. ஜியோடிஃப் வடிவிலாயின், நிலவுலகில் அப்படத்தின் இருப்பிடமேனும் உடன்வரும்.

தரவாக வெளிக்கொணரும்போதோ இடர் வேறு. பழைய ஷேப்ஃபைல் வடிவில் நெடுவரிசைத் தலைப்புக்கு 10 பைட்டு இடமே உண்டு. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். ‘ஊர்ப்பெயர்’ என்னும் தலைப்பே அங்கு முழுமையாய் நில்லாது! குறியேற்றத்தைத் தவறாகத் தேர்ந்தாலோ, வடமொழி வேதாரணியம் ஆக்கிய திருமறைக்காடு, இங்கு வெறுங் கேள்விக்குறிகளின் வரிசையாகும். ஆங்கில எழுத்துக்கு இவ்விடரில்லை. தமிழ்ப்பெயரை விட்டொழிக்கும் சோம்பல் முளைப்பது இங்கேதான்.

தீர்வு எளிது. 2014-இல் தரப்படுத்தப்பட்ட ஜியோபேக்கேஜ் வடிவு தமிழை முழுமையாய்த் தாங்கும். யாவும் ஒரே கோப்பில் அடங்கும். ஷேப்ஃபைலே வேண்டுமெனின், தலைப்பைச் சுருக்கி, யுடிஎஃப்-8 தேர்ந்து, குறியேற்றம் உரைக்கும் சிபிஜி கோப்பையும் உடன் அனுப்புக.

ஒரு வடிவு குறைப்பட்டால் மற்றொரு வடிவு உண்டு. ஊரின் பெயர் தொலைந்தால் ஈடு எங்கே? பிறர்க்கு அனுப்புமுன் கோப்பை ஒருமுறை திறந்து, தமிழ் தமிழாய் நிற்கின்றதா எனக் காண்க!