தாழ்ந்த மோட்டார் சைக்கிளை டிரெயிலரில் ஏற்றுதல்

ஐக்கிய அமெரிக்காவின் தென் டக்கோட்டா மாநிலத்தில் ஸ்டேர்ஜிஸ் என்றொரு சிற்றூர் உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் அங்கே மோட்டார் சைக்கிளோட்டிகள் இலட்சக்கணக்கிற் கூடுகின்றனர். 1938ஆம் ஆண்டிலே கிளாரன்ஸ் ஹோயல் என்பாரும் அவருடைய கழகத்தினரும் சிறியதொரு பந்தயமாகத் தொடங்கிய விழா இது. வருவோர் எல்லாரும் தம் வண்டியை ஓட்டியே வருவதில்லை. நெடுந்தொலைவிலிருந்து வருவோர் பலர், காரின் பின்னே பூட்டிய டிரெயிலரில் அதனை ஏற்றி வருகின்றனர். ஓட்டி வந்தவர்கள் இவர்களைக் கேலி செய்வதும் உண்டு. ஆயின், புறப்படுமுன் வீட்டு முற்றத்தில் இவர்கள் செய்து முடித்த வேலை கேலிக்குரியதன்று.

இவ்விழாவிற் பெரிதும் காணப்படும் வண்டிகள் நீண்டவை, தாழ்ந்தவை. எடை 800 இறாத்தல் வரையில் இருக்கும். இரு சில்லுகளின் அச்சுகளுக்கும் இடையே 64 அங்குலம். நிலத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே 5 அங்குலம். ஏறக்குறைய இவையே அவற்றின் அளவுகள். அந்த ஐந்து அங்குலத்துக்கு மேலேதான் புகைக்குழாயும் எண்ணெய்க் கலமும் அமைந்திருக்கின்றன.

சாய்பலகை செங்குத்தாக இருந்தால் ஏறுவது கடினம் என்பதை எவரும் அறிவர். ஆனால், வண்டி உரசுவது சரிவில் அன்று. சரிவு முடிந்து டிரெயிலரின் தட்டு தொடங்கும் விளிம்பிலேதான். முன்சில்லு தட்டின்மேல் ஏறிவிட்டது. பின்சில்லு இன்னும் பலகையில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே விளிம்பு கூரைமுகடுபோல் மேலெழுந்து வண்டியின் அடிவயிற்றைத் தொடுகின்றது. பூச்சு உரிந்தால் அது சிறிய நட்டம். எண்ணெய்க் கலம் வெடித்தால் பெரிய நட்டம். இவற்றினும் கொடியது, வண்டி அவ்விளிம்பிலேயே குந்திவிடுவது. அப்போது ஓட்டுபவர் அதன்மேல் அமர்ந்திருப்பாராயின், ஊன்றுவதற்குக் காலை நீட்டுவார். ஒடுங்கிய பலகைக்கு அப்பால் நிலம் இரண்டடி கீழே கிடக்கும். 800 இறாத்தலும் அவர்மேலேயே சாயும்.

கணக்கு எளியது. தட்டின் உயரம் 2 அடி, பலகையின் நீளம் 6 அடி எனின், சரிவு ஏறத்தாழ 19 பாகை. மேற்சொன்ன வண்டி தாண்டக்கூடியது ஏறத்தாழ 18 பாகைதான், எனவே உரசும். 8 அடிப் பலகை சரிவை 14½ பாகையாகக் குறைக்கும். அது போதும் என்று தோன்றும். ஆனால் ஆள் ஏறி அமர்ந்ததும் சுருள்விற்கள் ஓர் அங்குலம் அமிழ்ந்தால், தாண்டக்கூடிய அளவும் 14 பாகைக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிடும். மயிரிழையில் தவறுகிறது! கடையில் நின்று பலகையை மட்டும் பார்த்து வாங்கியவர் ஏமாறுவது இவ்விடத்திலேதான். 10 அடிப் பலகையானால் 11½ பாகை; கவலையில்லை.

பாகைக் கணக்கை விரும்பாதவர்களுக்கு ஒரு மரச்சட்டம் போதும். இரு அச்சுகளின் இடைத்தூரத்துக்கு ஒரு சட்டத்தை வெட்டி, இரு நுனிகளிலும் கால்களாக இரு கட்டைகளை அறைந்துகொள்ள வேண்டும். கட்டையின் உயரம், ஆள் அமர்ந்திருக்கும்போது வண்டியின் அடியில் எஞ்சும் இடைவெளியாக இருத்தல் வேண்டும். இதனைப் பலகைவழியே விளிம்பைக் கடந்து நகர்த்திப் பார்த்தால், சட்டம் தொடுகிற இடத்தில் வண்டியும் தொடும். பழுது நேர்வதாயின் அது மரக்கட்டைக்கு நேரட்டுமே.

தொடுகிறதெனின் செய்யக்கூடியவை பல. தெருவோரத்தில் ஓரடி உயரமான மண்மேடு இருந்தால், டிரெயிலரை அதன் அருகே பின்னோக்கி நிறுத்திப் பலகையின் அடியை மேட்டில் வைக்கலாம். ஏற வேண்டிய உயரம் பாதியாகிவிடும், செலவுமில்லை. மேடில்லாத இடத்தில், முன்சில்லு சென்று நிற்கும் இடத்தில் முனை சரித்த தடித்த பலகையொன்றைத் தட்டின்மேல் ஆணியறைந்து வைப்பதுண்டு. இரண்டங்குலத் தடிப்பு, வண்டியின் நடுப்பகுதியை ஓரங்குலம் உயர்த்தும். தட்டு முழுவதும் சாய்ந்து நிலத்தைத் தொடும் வகையான டிரெயிலர்களில் இவ்விளிம்பே இல்லை. அவற்றின் விலைதான் அதிகம்.

ஏற்றும் வேளையில் டிரெயிலர் காரோடு பூட்டியிருத்தல் வேண்டும். இன்றேல் பின்புறம் தாழ்ந்து முன்புறம் எழும். பலகையின் மேல்நுனியைச் சங்கிலியால் தட்டோடு பிணைப்பதும் இன்றியமையாதது. பின்சில்லு உந்தும்போது பலகை பின்னோக்கி வழுக்கும். விபத்துகள் பலவற்றுக்கு இதுவே காரணம். அமர்ந்து ஓட்டாமல், பக்கத்தில் இன்னொரு பலகையிட்டு அதில் நடந்துகொண்டே, முதற் கியரில் கிளட்ச்சைச் சிறிது சிறிதாக விட்டு ஏற்றுவது நன்று. ஆளின் பாரமும் அப்போது சுருள்விற்களை அமிழ்த்தாது. நடுவழியில் நின்றுவிட்டால் முன்தடையை நம்பலாகாது. சரிவில் பாரம் பின்சில்லுக்குப் போய்விடுவதால் முன்சில்லு வழுக்கும். எஞ்சினை நிறுத்திக் கிளட்ச்சை விட்டுவிட்டால், கியர் பின்சில்லைப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்டேர்ஜிஸ் போய்ச் சேர்ந்ததும் வண்டியை இறக்க வேண்டும். இப்போது பின்சில்லு முதலில் இறங்கும்; விளிம்பு மட்டும் அதே விளிம்பு. வீட்டு முற்றத்திலிருந்த மண்மேடு அங்கே இருக்கப்போவதில்லை. ஆதலால் அனுபவமுள்ளவர் அந்த மரச்சட்டத்தையும் காரில் எடுத்துச் செல்கின்றார்.