கோல்ஃப் ஆட்டமும் இடனறிதலும்

கோல்ஃப் ஆட்டம் நம்மில் பெரும்பாலோர்க்கு மதிலுக்கு அப்பால் நடக்கும் ஆட்டம். டில்லியில் வாழும் தமிழர் பலர், டில்லி கோல்ஃப் கிளப்பின் மதிலோரமாகப் பல்லாண்டுகள் அலுவலகம் சென்று திரும்பியிருப்பர். கல்கத்தாவில் இருப்போர், 1829-இல் தோன்றிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பின் பெயரைக் கேட்டிருப்பர். திருவனந்தபுரத்துக் கவடியாரிலும் ஒன்பது குழிகள் கொண்ட பழைய ஆட்டத் திடல் ஒன்று உண்டு. இவற்றையெல்லாம் செல்வர்தம் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். ஆயினும் அந்த ஆட்டத்தின் உள்ளே நிற்பது செல்வமன்று, ஒரு கேள்வி. நமது வலிமை இவ்வளவு, எதிரே உள்ள இடையூறு இவ்வளவு. இந்நிலையில் எதைச் செய்வது என்பதே அக்கேள்வி.

ஆட்டத்தின் அமைப்பு எளியது. சிறு பந்தொன்றை மட்டையால் அடித்து, தொலைவில் கொடி நாட்டிய குழியில் இட வேண்டும். பதினெட்டுக் குழிகளையும் குறைந்த அடிகளில் முடிப்பவர் வென்றவர். பையில் 14 மட்டைகளுக்கு மேல் வைத்துக்கொள்ள விதி இடங்கொடாது. மிகத் தொலைவு அனுப்புவது டிரைவர். பந்தை உயர எழுப்பி அருகில் இறக்குவது வெட்ஜ். வழியில் மணற்பள்ளமும் நீர்நிலையும் புதரும் உண்டு. நீரில் விழுந்தால் ஓர் அடி தண்டம்.

வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரசர்க்குச் சொன்ன அம்முறை இவ்வாட்டக்காரர்க்கும் அப்படியே பொருந்துகிறது.

முதலில் தெரிந்து செயல்வகை. தேர்ந்த ஆட்டக்காரர் குழியிலிருந்து பின்னோக்கி எண்ணுவார். கொடி இடப்பக்க மணற்பள்ளத்தின் பின்னே இருக்குமாயின், வலப்புறமிருந்து அணுகுவதே எளிது. ஆகவே முதல் அடியை வலப்புறம் நிறுத்துவார். முதல் அடியின் நோக்கம் தொலைவு மட்டுமன்று. இரண்டாம் அடிக்கு இடம் தேடுவதும் ஆகும்.

அடுத்தது வலியறிதல். என்றோ ஒருநாள் ஒரு மட்டையால் 160 கெஜம் அடித்தவர், அதையே தம் அளவென்று கொள்வது இயல்பு. வழக்கமாக அவர் அடிப்பதோ 145 கெஜமாக இருக்கும். ஓடையைக் கடக்க 150 கெஜம் வேண்டுமாயின், அவர் பந்து பெரும்பாலும் ஓடையில்தான் விழும். மேலும், யார் அடித்தாலும் பந்துகள் ஒரே புள்ளியில் விழுவதில்லை. கைவிதைப்பில் விதை சிதறுவதுபோல் ஒரு பரப்பில் சிதறும். அப்பரப்பின் நடுவைக் கொடியின்மேல் வைப்பது ஆசை. அதன் ஓரமும் நீரில் படாதபடி வைப்பது அறிவு.

இடனறிதலை விழிஞ்ஞத்தின் கரையில் நின்று எண்ணுவது பொருத்தம். ஆய் மன்னரும் பாண்டியரும் சோழரும் பொருத பழந்துறை இது. பெருங்கப்பல்களுக்கான புதிய துறைமுகம் 2025 மே மாதத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதும் இங்கேதான். இப்பகுதியின் கடலோடிகள் கரையிலுள்ள மலைமுகட்டையும் கோபுரத்தையும் ஒரே நேர்க்கோட்டில் கண்டு, கடலடிப் பாறை இருக்கும் இடத்தைக் குறிப்பார்கள். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்தே படகை இறக்குவார்கள். கோல்ஃப் ஆட்டக்காரரும் பந்துக்கு முன்னே ஒரு புல்நுனியையும் தொலைவில் ஒரு மரத்தையும் நேர்ப்படுத்தியே நிற்கிறார். புல்லைக் கிள்ளித் தூவிக் காற்றின் போக்கை அறிகிறார். ஒப்புமை இம்மட்டே. ஆட்டத்தில் இழப்பது ஓரிரண்டு அடிகள். கடலில் இழப்பது உயிர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் விரைந்து வலுத்தபோது, இக்கரையிலிருந்தும் குமரிக் கரையிலிருந்தும் சென்ற பலர் திரும்பவில்லை.

இடனறிந்து வென்றதற்கு டில்லித் திடலே சான்று. அங்கே பாதை குறுகல். இருபுறமும் அடர்ந்த புதர். சிவசங்கர் பிரசாத் சௌராசியா கல்கத்தாவில் திடலைப் பேணும் பணியாளரின் மகன். நெடுந்தொலைவு அடிப்பவர் அல்லர். அவர் 2008-இல் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தையும், 2016-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தையும் அத்திடலில்தான் வென்றார். 2025 அக்டோபரில் அங்கு ஆட வந்த ரோரி மக்கில்ராய், உலகின் மிகத் தொலைவு அடிப்போருள் ஒருவராயிருந்தும், இங்கே டிரைவருக்கு வேலையில்லை என்று முடிவு செய்தார்.

மாறான சான்று ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் கிடைக்கிறது. 1999-இல் பிரெஞ்சுக்காரரான ழான் வான் டி வெல்டே, ஓப்பன் போட்டியின் கடைசிக் குழிக்கு மூன்று அடி முன்னணியுடன் வந்தார். ஆறு அடிகளில் முடித்தாலே பட்டம் அவருடையது. சிறு மட்டையால் மூன்று எளிய அடிகள் போதும். அவரோ டிரைவரை எடுத்தார். பந்து பாதை விலகியது. அங்கிருந்து பாதைக்குத் திரும்பாமல் கொடியை நோக்கியே அடித்தார். பந்து பார்வையாளர் மேடையின் கம்பியில் பட்டு மீண்டு, உயர்ந்த புல்லில் விழுந்தது. அடுத்த அடி ஓடைக்குள் சென்றது. முடிவில் ஏழு அடிகள்; பின் நடந்த கூடுதல் ஆட்டத்தில் பால் லாரி வென்றார். ஒரு தவறான அடி பட்டத்தைப் பறிப்பதில்லை. அதை உடனே ஈடுசெய்ய எண்ணும் இரண்டாவது அடியே பறிக்கிறது.

இதனால் அஞ்சி ஆடுவதே முறை என்று கொள்ளலாகாது. அமெரிக்கப் பேராசிரியர் மார்க் பிராடி பல்லாயிரம் அடிகளைக் கணக்கிட்டு 2014-இல் ஒரு நூல் வெளியிட்டார். பெரிய இடையூறு இல்லாதவிடத்துக் குழிக்கு எவ்வளவு அருகில் செல்கிறோமோ அவ்வளவும் ஆதாயம் என்பது அவர் கண்டது. ஆகவே திறந்த வெளியில் டிரைவரை மறைத்து வைப்பதும் பிழையே.

காலமறிதலும் இங்கே வருகிறது. மொத்த அடிகளை எண்ணும் போட்டியில் ஒரு குழியில் இழந்த நான்கு அடிகள் கடைசிவரை தொடரும். குழிக்குக் குழி வெற்றி கணக்கிடும் போட்டியிலோ எத்தனை அடி கெட்டாலும் இழப்பு ஒரு குழியே. அங்கே துணிவுக்கு இடம் மிகுதி. எதிராளியின் பந்து நீரில் கிடக்கும்போது மட்டும் அத்துணிவு வீண்.

அயல்மாநிலங்களில் வாழும் நமக்கு இது புதிய பாடமன்று. ஊரை விட்டுப் புறப்பட்டபோதும், இருக்கும் ஊதியத்தில் வீடு பார்த்தபோதும், பிள்ளைகளின் படிப்பை முடிவு செய்தபோதும் இக்கணக்கையே போட்டோம். இனி ஒரு திடலின் மதிலோரம் நடக்க நேர்ந்தால், பந்து பறப்பதை மட்டும் பார்க்க வேண்டாம். அதற்குச் சற்று முன்னே, ஒரு மட்டையைத் தொட்டுவிட்டு அதை விடுத்து வேறொன்றை எடுக்கும் கையைக் கவனியுங்கள். ஆட்டத்தின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது.